ஐந்து லட்சம் ரூபாய்க்குள் ஒரு பழைய ஹூண்டாய்: எந்த மாடல், எந்த இன்ஜின், யாரிடம் வாங்குவது?

நான்கரை முதல் ஐந்து லட்சம் ரூபாய் வரை கையில் வைத்துக்கொண்டு, ஹூண்டாய் கார் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கலாம் என்று முடிவு செய்தவருக்கு, தமிழ்நாட்டுச் சந்தையில் ஏறத்தாழ ஒரே விலையில் நான்கு வகை வண்டிகள் கண்ணில் படுகின்றன. 2017, 2018 வாக்கில் வந்த கிராண்ட் ஐ10 பெட்ரோல். அதைவிட ஓரிரு ஆண்டு பழையதான எலைட் ஐ20, பெட்ரோலிலோ டீசலிலோ. இன்னும் பழையதான வெர்னா டீசல். கிராண்ட் ஐ10-இன் முதுகில் டிக்கி சேர்த்தது போன்ற எக்ஸென்ட் செடான். ஊர், ஓடிய தூரம், எத்தனையாவது உரிமையாளர் என்பவற்றைப் பொறுத்து விலை மேலும் கீழும் நகரும் என்றாலும், விளம்பரப் பட்டியல்களில் இந்த நான்கும் அடுத்தடுத்தே நிற்கும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆண்டுக்குப் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்துக்கு, மேனுவல் கியர் கொண்ட கிராண்ட் ஐ10 அல்லது எலைட் ஐ20 பெட்ரோல்தான் சரியான தேர்வு, மற்ற இரண்டையும் சில நிபந்தனைகளோடுதான் பரிசீலிக்க வேண்டும்.

ஹூண்டாய் என்ற பெயருக்குத் தமிழ்நாட்டில் நம்பிக்கை வந்ததற்குப் பூகோளமும் ஒரு காரணம். 1996-இல் நிறுவப்பட்ட ஹூண்டாய் மோட்டார் இந்தியா, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஆலை அமைத்து, 1998-இல் சான்ட்ரோவை வெளியிட்டது. 2007 அக்டோபரில் ஐ10, அடுத்த ஆண்டு ஐ20, 2013-இல் கிராண்ட் ஐ10, 2014-இல் எக்ஸென்ட்டும் எலைட் ஐ20-யும் அங்கிருந்தே வந்தன. உதிரிபாகம் செய்யும் நிறுவனங்கள் பலவும் அந்த ஆலையைச் சுற்றியே வளர்ந்தன. இதன் பலனைப் பழைய கார் வாங்குகிறவர்தான் முழுமையாக அனுபவிக்கிறார். பத்தாண்டு கடந்த வண்டிக்கு லோயர் ஆர்ம், கிளட்ச் பிளேட், வாட்டர் பம்ப் தேவைப்படும்போது, கம்பெனி பாகமும் வெளிச்சந்தைப் பாகமும் மாவட்டத் தலைநகரிலேயே கிடைக்கின்றன. அந்த இன்ஜினைப் பலமுறை கழற்றி மாட்டிய மெக்கானிக்கும் அதே ஊரில் இருக்கிறார். புதுக் காரில் நம்பகம் என்பது பழுதாகாமல் இருப்பது. பழைய காரில், பழுதானால் இரண்டு நாளில் நியாயமான செலவில் மீண்டும் ஓடுவதும் அதில் சேர்த்தி. சந்தையை விட்டுப் போய்விட்ட சில பன்னாட்டு நிறுவனங்களின் வண்டிகள் ஓட்டுவதற்கு இன்னும் இனிமையாக இருந்தும் மலிவாகக் கிடைப்பதற்கு இந்த இரண்டாவது குணத்தில் அவற்றின் மீது மக்களுக்கு உள்ள ஐயமே காரணம்.

இன்னொரு கொரிய நிறுவனமான கியா இந்த விலைக்குள் வராது. ஆந்திரத்தின் பெனுகொண்டாவில் ஆலை அமைத்த அந்த நிறுவனத்தின் முதல் வண்டியான செல்டோஸ் 2019 ஆகஸ்டில்தான் விற்பனைக்கு வந்தது. சோனெட் அதற்கும் அடுத்த ஆண்டு வந்தது. எனவே கியாவில் மிகப் பழையதும் இந்தத் தொகைக்கு வெகு மேலேதான் இருக்கிறது.

இணையத்தில் அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, ஹூண்டாய் இன்ஜின் சீஸ் ஆகிவிடும், அதாவது ஓட்டத்திலேயே இறுகி நின்றுவிடும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. அந்த அச்சம் ஆதாரமற்றது அல்ல; ஆனால் அது வேறு இன்ஜினைப் பற்றியது. அமெரிக்காவில் 2011 முதல் விற்பனையான சொனாட்டா, கியா ஆப்டிமா போன்ற பெரிய கார்களில் இருந்த 2.0, 2.4 லிட்டர் தீட்டா-2 வகை இன்ஜின்களில், கிராங்க்ஷாஃப்ட் கடைசலின்போது தங்கிய உலோகத் துகள்கள் எண்ணெய் ஓட்டத்தைத் தடுத்து பேரிங்குகளைத் தேய்த்தன. 2015-இல் தொடங்கிய திரும்பப் பெறுதல்கள் பல ஆண்டுகள் நீண்டன. நாம் இங்கே பேசும் கிராண்ட் ஐ10, எலைட் ஐ20, எக்ஸென்ட், வெர்னா ஆகிய எதிலும் தீட்டா இன்ஜின் கிடையாது. அமெரிக்கச் செய்தியை வைத்து இந்த வண்டிகளை ஒதுக்கவும் வேண்டாம், அமெரிக்கப் புகழுரையை வைத்து வாங்கவும் வேண்டாம்.

நம் பட்டியலில் உள்ள இன்ஜின்களையும் அவற்றுக்கு முந்தைய ஒன்றையும் சற்று நிதானமாகப் பார்ப்போம், ஏனெனில் மாடலின் பெயரைவிட இதுதான் செலவைத் தீர்மானிக்கிறது. பழைய சான்ட்ரோவிலும் ஐ10-இன் தொடக்க நிலை வகைகளிலும் இருந்தது 1,086 சிசி கொண்ட எப்சிலான் குடும்ப பெட்ரோல் இன்ஜின். எளிமையான உழைப்பாளி, ஆனால் வால்வுகளைப் பிஸ்டன்களோடு இசைவாக இயக்கும் டைமிங் பெல்ட்டில் ஓடுவது. ரப்பர் பெல்ட்டுக்கு ஆயுள் உண்டு. கையேடு சொல்லும் தூரத்தில் டென்ஷனரோடு சேர்த்து மாற்றாமல் விட்டு அது ஓட்டத்தில் அறுந்தால், வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜின் ஹெட்டைக் கழற்ற வேண்டி வரலாம். ஐ10-இன் மேல்நிலை வகைகளிலும், பின்னர் கிராண்ட் ஐ10, எக்ஸென்ட், எலைட் ஐ20 ஆகியவற்றிலும் வந்த 1,197 சிசி கப்பா இன்ஜினில் பெல்ட்டுக்குப் பதில் செயின் இருக்கிறது. நேரத்துக்கு ஆயில் மாற்றப்பட்டிருந்தால் செயின் நெடுங்காலம் தொல்லை தருவதில்லை. 83 குதிரைத்திறன் தரும் இந்தக் கப்பாதான் ஹூண்டாயின் சிறிய கார்களில் நான் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கக்கூடிய இன்ஜின். அதில் டர்போ கிடையாது, உயர் அழுத்த நேரடி எரிபொருள் ஊசியும் கிடையாது. வழக்கமாக அதில் மாற்ற வேண்டி வருபவை இக்னிஷன் காயில், இன்ஜின் மவுன்ட், ஸ்பார்க் பிளக் போன்ற உள்ளூர் மெக்கானிக்கே முடித்துவிடும் சிறு வேலைகள்தான்.

கிராண்ட் ஐ10-இலும் எலைட் ஐ20-யிலும் அதே கப்பா பெட்ரோல் இருப்பதால், இவ்விரண்டுக்கும் இடையிலான தேர்வு உண்மையில் இட வசதிக்கும் வயதுக்கும் இடையிலான தேர்வு. கிராண்ட் ஐ10 3,765 மில்லிமீட்டர் நீளம். எலைட் ஐ20 3,985. பின்னிருக்கையில் மூன்று பெரியவர்கள் தொடர்ந்து நான்கு மணி நேரம் பயணிக்கும் குடும்பத்துக்கு ஐ20-யின் அகலம் ஒரு வரப்பிரசாதம். ஆனால் அதே 83 குதிரைத்திறன் அதிக எடையை இழுக்க வேண்டியிருப்பதால், ஏசி போட்டு ஐந்து பேர் ஏறி ஏற்காடு மலைப்பாதையில் போகும்போது ஐ20 கியரை அடிக்கடி கேட்கும்; கிராண்ட் ஐ10 அங்கே கொஞ்சம் சுலபமாகவே ஏறும். நகரத்துக்குள் தெருவோரம் நிறுத்துவதற்கும், புதிதாக ஓட்டக் கற்றவர் கையாளுவதற்கும் சிறிய வண்டியே உகந்தது. இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: ஒரே தொகைக்குக் கிராண்ட் ஐ10 இரண்டு ஆண்டுகள் இளையதாகக் கிடைக்கும். பதிவுச் சான்றின் பதினைந்து ஆண்டு ஆயுளில் அந்த இரண்டு ஆண்டுகள் உங்கள் கணக்கில் சேர்கின்றன. நாளை நீங்கள் விற்கும்போதும் அவை விலையாகத் திரும்பும். வீட்டில் நான்கு பேருக்கு மேல் இல்லையென்றால் நான் கிராண்ட் ஐ10 பக்கமே நிற்பேன். வயதான பெற்றோரையும் சேர்த்து ஐந்து பேர் அடிக்கடி வெளியூர் போவீர்கள் என்றால், ஓரிரு ஆண்டு பழையதானாலும் ஐ20-தான் நியாயம்.

இரண்டிலும் பொதுவாகக் கவனிக்க வேண்டியவை முன்பக்க சஸ்பென்ஷனும் ஸ்டீயரிங்கும். அறுபது, எழுபதாயிரம் கிலோமீட்டர் நம் ஊர் வேகத்தடைகளில் ஏறி இறங்கிய வண்டியில் லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுன்ட் ஆகியவை தேய்ந்து, மெதுவாகப் பள்ளத்தில் இறங்கும்போது டக்கென்ற ஓசை வரும். ஸ்டீயரிங்கை நின்ற இடத்தில் இடமும் வலமும் சிறிதாக ஆட்டும்போது உள்ளிருந்து ஓசை கேட்டால், மின்சார ஸ்டீயரிங்கின் மோட்டாரோடு உள்ள சிறு ரப்பர் கப்ளிங் தேய்ந்திருக்கலாம். இவை எதுவும் வண்டியை ஒதுக்கக் காரணங்கள் அல்ல. விலையைக் குறைத்துப் பேசுவதற்கான காரணங்கள்.

டீசல் பற்றிய முடிவைக் கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று கொள்வோம். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டரும் டீசல் வண்டி 19 கிலோமீட்டரும் தருவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டினால் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 67,000 ரூபாயும் டீசலுக்கு 48,000 ரூபாயும் ஆகும். மிச்சம் சுமார் 18,000. பழைய டீசலில் இன்ஜெக்டர்கள், டர்போ, எரிபொருள் பம்ப் என்று விலை உயர்ந்த பாகங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று கையைக் கடித்தால் இரண்டு மூன்று ஆண்டுச் சேமிப்பு ஒரே பில்லில் போய்விடும். கிளட்ச் வேலையும் டீசலில் கூடுதல் செலவு. ஆண்டுக்கு 25,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு மிச்சம் 45,000 ரூபாயைத் தொடும் என்பதால், அவருக்குக் கணக்கு நேர்மாறாகத் திரும்புகிறது. மருந்து விற்பனைப் பிரதிநிதி, வாரந்தோறும் கோவைக்கும் மதுரைக்கும் நெடுஞ்சாலையில் போய் வரும் வியாபாரி போன்றோர் எலைட் ஐ20-யின் 1.4 லிட்டர், 90 குதிரைத்திறன் டீசலை வாங்கலாம். நெடுஞ்சாலையில் அது நல்ல துணை. கிராண்ட் ஐ10-இல் தொடக்கத்தில் வந்த 1.1 லிட்டர், மூன்று சிலிண்டர் டீசல் சற்றே சோம்பலானது. 2017-இல் வந்த 1.2 லிட்டர் டீசல் அதைவிட மேல். நகரத்துக்குள் மட்டும் ஓட்டுகிறவர் எந்த டீசலையும் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

இங்கேதான் வெர்னா ஆசை காட்டுகிறது. 2011-இல் வந்த அந்தத் தலைமுறை வெர்னாவின் 1.6 லிட்டர் டீசல் ஏறத்தாழ 128 குதிரைத்திறன் கொண்டது. புதிதாக விற்றபோது கிராண்ட் ஐ10-ஐவிட எவ்வளவோ உயர்ந்த விலை. இன்று அதே ஐந்து லட்சத்துக்குள் பளபளவென்று நிற்கிறது. வாங்கும் விலை இறங்கியிருக்கிறது. வைத்துக்கொள்ளும் விலை இறங்கவில்லை என்பதை மறக்கக் கூடாது. அதன் டயர், பிரேக், கிளட்ச், ஷாக் அப்ஸார்பர், முன்விளக்கு எல்லாமே இன்றும் பெரிய காரின் விலையில்தான் வருகின்றன. பத்தாண்டு தாண்டிய டீசல் என்பதால், மேலே சொன்ன இன்ஜெக்டர், டர்போ செலவுகள் வரக்கூடிய வயதில் அது இருக்கிறது. அந்தத் தலைமுறையின் பின்பக்க சஸ்பென்ஷன் மென்மையானது; மிகு வேகத்தில் மிதப்பதுபோல் இருக்கும் என்று அது புதிதாக வந்தபோதே விமர்சகர்கள் சொன்னார்கள். காரை ஆசையாகப் பராமரிக்கவும், ஆண்டுக்கு நாற்பது ஐம்பதாயிரம் ரூபாய் அதற்கென ஒதுக்கவும் தயாராக உள்ளவர் வாங்கலாம். இருக்கும் சேமிப்பு முழுவதையும் போட்டு முதல் கார் வாங்கும் குடும்பத்துக்கு அது பொருந்தாது.

எக்ஸென்ட் தன்னளவில் நல்ல வண்டி; 407 லிட்டர் டிக்கி, கப்பா பெட்ரோல், ஐ10 அளவுப் பராமரிப்புச் செலவு. சிக்கல் அதன் வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. வாடகைக் கார் தொழிலில் எக்ஸென்ட், குறிப்பாக டீசல், ஏராளமாக ஓடியது. மஞ்சள் போர்டில் சில லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டு, சொந்தப் பயன்பாட்டுக்கு மாற்றிப் பதிந்து, வெள்ளை போர்டோடு விற்பனைக்கு வரும் வண்டிகள் உண்டு. முழுப் பதிவு வரலாற்றையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுப் பார்த்து, முதல் நாளிலிருந்தே சொந்த வண்டியாக இருந்தது உறுதியானால், பெட்ரோல் எக்ஸென்ட் இந்தப் பட்டியலிலேயே கொடுக்கும் பணத்துக்கு அதிகம் தரும் வண்டியாக அமையலாம். செடான் மீது மோகம் குறைந்துவிட்டதால் விலையும் இறங்கிப் பேசலாம்.

ஆட்டோமேட்டிக் வேண்டும் என்பவருக்கு ஒரு சொல். கிராண்ட் ஐ10-இல் வந்த நான்கு கியர் டார்க் கன்வெர்ட்டர் (கிளட்ச்சுக்குப் பதில் எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் ஆட்டோமேட்டிக்) பழைய பாணிதான், மைலேஜும் குறைவுதான், ஆனாலும் உறுதியானது. பணத்தைக் கூட்டி ஹூண்டாயின் சிறிய எஸ்யூவியான வென்யூவின் டர்போ பெட்ரோல் பக்கம் போகிறவர்கள், அதில் வரும் ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டி உலர் கிளட்ச் வகை என்பதையும், ஊர்ந்து போகும் நெரிசலில் சூடாகும் இயல்புடையது என்பதையும் அறிந்தே போக வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி மழுப்பாமல் பேச வேண்டும். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியக் கார்களை முதன்முறை மோதிச் சோதித்தபோது, ஏர்பேக் இல்லாத ஐ10 பூஜ்ஜிய நட்சத்திரமே பெற்றது. 2016-இல் ஹூண்டாயின் இன்னொரு சிறிய காரான ஈயானும் அவ்வாறே. 2020-இல் சோதித்த கிராண்ட் ஐ10 நியோஸ் (கிராண்ட் ஐ10-இன் அடுத்த தலைமுறை) இரண்டு நட்சத்திரம் பெற்றது. 2023-இல் புதிய வெர்னா ஐந்து நட்சத்திரம் வாங்கிய பிறகுதான் இந்த நிலை மாறத் தொடங்கியது. ஆக, ஐந்து லட்சத்துக்குள் உள்ள எந்தப் பழைய ஹூண்டாயும் மோதல் பாதுகாப்பில் சிறந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலையில்தான் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது. அவசர பிரேக்கில் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அதே ஆண்டு ஏப்ரலில். அதற்கு முந்தைய வண்டிகளில் எரா, மேக்னா, ஸ்போர்ட்ஸ், ஆஸ்டா என்ற படிநிலையைப் பொறுத்து இவை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தொடுதிரைக்கும் அலாய் வீலுக்கும் கொடுக்கும் கூடுதல் பணத்தை முதலில் இரட்டை ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் உள்ள வண்டிக்குக் கொடுங்கள். இந்த ஒரு நிபந்தனைக்காக ஓராண்டு பழைய வண்டியை எடுக்க நேர்ந்தாலும் எடுங்கள். குழந்தைகள் ஏறும் வண்டியில் இதில் சமரசம் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

யாரிடம் வாங்குவது என்பதில் மூன்று வழிகள் உள்ளன. நிறுவனமே நடத்தும் ஹெச் பிராமிஸ் போன்ற கடைகளிலும் இணையவழிப் பெரிய விற்பனையாளர்களிடமும் விலை கூடுதல். தகுதியுள்ள வண்டிகளுக்கு உத்தரவாதமும், சில இடங்களில் சில நாட்களுக்குள் திருப்பித் தரும் வசதியும் உண்டு. அந்த உத்தரவாதம் எந்தெந்தப் பாகங்களுக்கு என்பதை எழுத்தில் வாங்கிப் படிக்க வேண்டும். சஸ்பென்ஷனும் கிளட்சும் பெரும்பாலும் அதில் அடங்குவதில்லை. பதிவு பெற்ற விற்பனையாளர் தம் லாபப் பகுதிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டுகிறார், அதுவும் விலைக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். உள்ளூர் கன்சல்டிங் கடைக்காரரிடம் பேரம் பேச இடம் உண்டு, பொறுப்பு மிகக் குறைவு. நேரடி உரிமையாளரிடம் வாங்குவதே எனக்குப் பிடித்த வழி. வண்டி எங்கே நிறுத்தப்பட்டது, யார் ஓட்டினார், ஏன் விற்கிறார் என்பதை அவர் வீட்டு வாசலிலேயே தெரிந்துகொள்ளலாம். பேச்சில் முரண்பாடு இருந்தால் அங்கேயே வெளிப்பட்டுவிடும். வண்டியை அறிந்த மெக்கானிக் ஒருவரை ஆயிரம், இரண்டாயிரம் கொடுத்து அழைத்துப் போக முடிந்தவருக்கு நேரடி வழி. அது முடியாதவர் கூடுதல் பணம் கொடுத்து உத்தரவாதத்தோடு வாங்குவதே மேல்.

சென்னையிலும் தென்மாவட்டங்களிலும் வாங்குகிறவர் வெள்ளத்தை நினைவில் வைக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி, முடிச்சூர் பகுதிகளில் கார்கள் கூரை மட்டும் தெரிய நின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும், அடுத்த இரு வாரங்களில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் அது மீண்டும் நடந்தது. நம் பட்டியலில் உள்ள நான்கு வண்டிகளும் 2023-இல் சாலையில் இருந்தவை. 2015-க்கு முந்தைய வெர்னாவும் ஐ20-யும் இரண்டு வெள்ளங்களையும் கடந்திருக்கலாம். முழு இழப்பாகக் காப்பீட்டு நிறுவனம் கணக்கிட்ட வண்டி ஏலத்தில் போய், சுத்தம் செய்யப்பட்டு, வேறு மாவட்டத்தில் விற்பனைக்கு வருவது உண்டு. நீரில் மூழ்கிய வண்டியை ஓட்டிப் பார்த்தால் அன்றைக்கு எந்தக் குறையும் தெரியாது. வயரிங் இணைப்புகளில் பச்சை பிடித்து, ஆறு மாதம் கழித்துச் சென்சார் ஒவ்வொன்றாகக் கைவிடும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, உட்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். முன்னிருக்கைத் தண்டவாளத்தின் அடியிலும், தரைவிரிப்பைத் தூக்கி அதன் கீழும், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் துருவைத் தேடுங்கள். டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தால் வேறு எதையும் பார்க்காமல் திரும்பி வந்துவிடலாம்.

மீட்டரில் காட்டும் தூரத்தை அப்படியே நம்புகிற காலம் போய்விட்டது. டிஜிட்டல் மீட்டரையும் குறைத்துவிடுகிறார்கள். ஹூண்டாயில் நமக்கு உள்ள வசதி, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையங்களின் பதிவுகள் கணினியில் இருப்பது. உரிமையாளரின் ஒப்புதலோடு வண்டி எண்ணைக் கொடுத்துக் கேட்டால், எந்த தேதியில் எத்தனை கிலோமீட்டரில் சர்வீஸ் ஆனது என்பது தெரியும். 2019-இல் எழுபதாயிரம் என்று பதிவாகியிருக்கும் வண்டி இன்று அறுபதாயிரம் காட்டினால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம். நான்கைந்து ஆண்டுகளுக்குப் பிறகு வெளியில் சர்வீஸ் செய்தவர்கள் பலர். அவர்களிடம் மெக்கானிக்கின் பில்களைக் கேளுங்கள். நாற்பதாயிரம் ஓடியதாகச் சொல்லும் காரில் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழப்பாகவும் ஸ்டீயரிங் தோல் பளபளப்பாகவும் இருக்காது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். கண்ணாடிகளில் உள்ள தயாரிப்புக் குறியீடுகளில் ஒன்று மட்டும் வேறுபட்டால் அந்தப் பக்கம் அடிபட்டதா என்று விசாரிக்கலாம்.

வெளிமாநில வண்டிகள் விலையில் மயக்கும். தில்லி வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசலுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளால் அங்கிருந்து வெர்னாக்கள் மலிவாக வெளியேறின. புதுச்சேரிப் பதிவு வண்டிகளும் இங்கே நிறைய உண்டு. அவற்றைத் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்ற, பழைய அலுவலகத்தின் தடையில்லாச் சான்றும் இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரியும் தேவை. அந்த வரியையும் அலைச்சலையும் கூட்டிப் பார்த்தால் மலிவு பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. பக்கத்து மாவட்டத்துப் பதிவு எண் கொண்ட, ஒரே உரிமையாளர் வண்டிக்கு முப்பதாயிரம் கூடுதலாகக் கொடுப்பதை நான் வீண் என்று நினைக்க மாட்டேன்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் மத்திய அரசின் எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, எத்தனையாவது உரிமையாளர், கடன் பதிவு உள்ளதா, காப்பீடு எதுவரை என்பவற்றைப் பார்த்துவிடுங்கள். நிலுவை அபராதங்களையும் இணையத்திலேயே பார்க்கலாம். கடன் பதிவு இருந்தால், கடன் முடிந்ததற்கான வங்கிக் கடிதமும், கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-உம் கையில் வராமல் முழுத்தொகை கொடுக்கக் கூடாது. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29-உம் 30-உம் தேவை. முதல் உரிமையாளரின் கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களை வைத்துக்கொண்டு இடையில் இரண்டு பேர் கைமாறிய வண்டியை வாங்க வேண்டாம். கையெழுத்து ஒத்துப்போகாமல் அலுவலகம் திருப்பி அனுப்பினால் அந்த முதல் உரிமையாளரைத் தேடிப் போக வேண்டியவர் நீங்கள். விற்கிறவருக்கும் இது ஆபத்துதான்: பதிவில் யார் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே பெயர் மாற்றத்தை விரைந்து முடிக்க இருவருக்குமே காரணம் இருக்கிறது என்று எடுத்துச் சொன்னால் நேர்மையான விற்பனையாளர் ஒத்துழைப்பார்.

ஓட்டிப் பார்ப்பதைக் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுவது நல்லது. டீசலின் கடினமான ஸ்டார்ட், நீலப்புகை, வால்வு ஓசை எல்லாம் முதல் ஒரு நிமிடத்தில்தான் தெரியும். ஏசியை முழுவதும் போட்டு அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். மூன்றாவது கியரில் ஏற்றத்தில் அழுத்தும்போது இன்ஜின் இரைச்சல் மட்டும் கூடி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் முடிந்துவிட்டது என்று பொருள்.

இன்னொரு ஒப்பீட்டையும் செய்துவிட வேண்டும். 2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்த பிறகு, தொடக்க நிலைப் புதுக் கார்களின் விலை இறங்கியது. அதனால் இரண்டு மூன்று ஆண்டுப் பழைய நியோஸுக்கோ எக்ஸ்டருக்கோ புது விலையை நெருங்கிக் கேட்கும் விற்பனையாளரிடம் வாங்குவதில் பொருளில்லை. பழைய கார் கடனுக்கு வட்டியும் கூடுதல். செகண்ட் ஹேண்ட் வாங்குவதன் லாபம் ஆறிலிருந்து ஒன்பது ஆண்டு வரையிலான வண்டிகளில்தான் தெளிவாக இருக்கிறது. பத்தைத் தாண்டினால், பதினைந்தாம் ஆண்டுப் பதிவுப் புதுப்பிப்பும் பசுமை வரியும் கண்ணுக்கெட்டும் தூரத்தில் வந்துவிடுகின்றன.

ஐந்து லட்சம் இருந்தால் நாலரை லட்சத்துக்கு வண்டி பாருங்கள். மீதமுள்ள ஐம்பதாயிரத்தில் முதல் வாரமே எல்லா ஆயில்களும், கூலன்ட்டும், பிரேக் திரவமும், ஃபில்டர்களும் மாற்றி, தேவைப்பட்டால் டயரும் பேட்டரியும் போட்டுவிடலாம்; எப்சிலான் இன்ஜின் வண்டியானால் பெல்ட் மாற்றியதற்குப் பில் இல்லாதவரை மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் எங்கும் வந்துவிட்டதால், 2023-க்கு முந்தைய வண்டியில் எரிபொருள் குழாய்களின் ரப்பரையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். காப்பீட்டைப் பதினான்கு நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் தரப்புப் பாதுகாப்பு வண்டியோடு தொடர்ந்தாலும், பெயர் மாறாத பாலிசியில் உங்கள் சொந்தச் சேதத்துக்கான கோரிக்கை மறுக்கப்படலாம். பழைய உரிமையாளர் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) அவருடையது. அது ஐம்பது சதவீதம் வரை இருக்கக்கூடும் என்பதால், பெயர் மாற்றும்போது அந்த வித்தியாசத் தொகையைக் காப்பீட்டு நிறுவனம் உங்களிடம் கேட்கும். அந்தத் தொகையையும் முன்பே விசாரித்து, மேற்சொன்ன ஐம்பதாயிரத்துக்குள் அடக்கிவிடுங்கள்.